டிரம்முக்குள் சுழலும் விண்மீன்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத் தோல், காலணித் தொழிலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமாரே, அண்ணன்மாரே,

டேனரியில் டிரம் ஓட்டுகிறவர்கள், சுண்ணாம்பில் ஊறிய தோலை அள்ளிப் போடுகிறவர்கள், ஷூ கம்பெனியில் கட்டிங்கிலும் ஸ்டிச்சிங்கிலும் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள், விடியுமுன் வேனுக்காகத் தெருமுனையில் நிற்பவர்கள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கூலி, பி.எஃப்., போனஸ் பற்றிப் பேசச் சங்கங்கள் இருக்கின்றன. நான் பேச வந்தது வெடித்துச் சிதறிய விண்மீன்களின் மிச்சத்தைப் பற்றி.

எங்களுக்கும் அதற்கும் என்ன என்று கேட்பீர்கள். அந்த மிச்சத்தை மூட்டை மூட்டையாகப் பிரித்துக் கொட்டுகிறவர்கள் நீங்கள். அதை வானத்தில் தேடிப் படிக்கிற இடமோ ஜவ்வாது மலைமேல், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் வந்துவிடும் காவலூரில் இருக்கிறது. ஒரே வட்டாரத்துக்குள் இரண்டும் அரை நூற்றாண்டாக அக்கம்பக்கத்தில் இருந்தும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டதில்லை. அந்த உறவைச் சொல்லவும், முடிவில் மூன்று காரியங்களைக் கேட்கவும் இந்த மடல்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மேகம் இல்லாத முன்னிரவாகப் பார்த்து வடக்கே திரும்பி நில்லுங்கள். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில் ஐந்து விண்மீன்கள் வளைந்து நெளிந்த கோடாகத் தெரியும். காசியோப்பியா என்பது அந்தக் கூட்டத்தின் பெயர். அதற்குள், சுமார் 11,000 ஒளியாண்டுத் தொலைவில், சூரியனைவிடப் பல மடங்கு எடை கொண்ட ஒரு விண்மீன் வெடித்தது. அந்த ஒளி பூமியை வந்து சேர்ந்து ஏறக்குறைய 340 ஆண்டுகள் ஆகியிருக்கும். சிதறிய வாயு இன்னும் சூடு தணியாமல் விரிந்துகொண்டிருக்கிறது. வெறுங்கண்ணுக்கு அங்கே இருட்டுதான். ரேடியோ அலைகளையும் எக்ஸ் கதிர்களையும் வாங்கும் கருவிகளுக்கோ வானத்தின் மிகப் பிரகாசமான இடங்களில் அதுவும் ஒன்று. காசியோப்பியா ஏ என்று அதை அழைக்கிறார்கள்.

நாசா 1999 ஜூலையில் ஏவிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு சந்திரா என்று பெயர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக வைத்தது. அந்தத் தொலைநோக்கி தன் முதல் படமாக உலகத்துக்குக் காட்டியது காசியோப்பியா ஏ மிச்சத்தைத்தான். அதில் எந்தெந்தத் தனிமங்கள் எங்கெங்கே சிதறிக் கிடக்கின்றன என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சிலிக்கான் இருந்தது, கந்தகம் இருந்தது, கால்சியம் இருந்தது, இரும்பு இருந்தது. 2021இல் ஜப்பானிய ஆய்வாளர் ஒருவர் தலைமையிலான குழு, அதே தொலைநோக்கியின் பதிவுகளிலிருந்து, இரும்பு செறிந்து பீறிட்ட பகுதிகளில் டைட்டானியமும் குரோமியமும் கலந்திருப்பதைக் கண்டு நேச்சர் இதழில் வெளியிட்டது.

இப்போது உங்கள் கெமிக்கல் ரூமை நினைத்துப் பாருங்கள். முடி கழற்றச் சுண்ணாம்பு போடுகிறீர்கள், அதில் இருப்பது கால்சியம். கூடவே சோடியம் சல்பைடு சேர்க்கிறீர்கள், அதில் கந்தகம். டிரம்முக்குள் குரோம் பவுடர் கொட்டுகிறீர்கள், அதில் குரோமியம். டிரம்மை இறுக்கிப் பிடித்திருக்கும் பட்டை இரும்பு. காசியோப்பியாவில் தனிமம் தனிமமாகப் பிரித்துக் கண்ட பட்டியலில் பாதி உங்கள் ஸ்டோர் ரெஜிஸ்டரிலேயே இருக்கிறது.

உங்கள் மூட்டையில் உள்ளது காசியோப்பியாவிலிருந்து வந்ததல்ல. அந்தச் சரக்கு இன்னும் அங்கேதான் இருக்கிறது. நம்முடையது அதைவிடப் பழையது. 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியனும் பூமியும் உருவாவதற்கு முன்பே, பெயர் தெரியாத எத்தனையோ விண்மீன்கள் வெடித்து எறிந்த தூசி ஒரே மேகமாகக் கலந்தது. அந்த மேகம் சுருங்கியபோது பிறந்தது பூமி. குரோமியம் பாறைக்குள் குரோமைட் தாதுவாக உறைந்தது. இந்தியாவில் அதன் பெரும்பகுதி ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் வெட்டி எடுக்கப்படுகிறது. அங்கிருந்து உலை, அமிலம், உப்பு என்று பல கை மாறி உங்கள் வாசலுக்கு லாரியில் வந்து இறங்குகிறது.

அந்தக் குரோமியம் விண்மீனில் எப்படிப் பிறக்கிறது? பெரிய விண்மீன் ஒன்று தன் வாழ்நாள் முழுவதும் லேசான அணுக்களை இணைத்துக் கனமான அணுக்களாக்குகிறது. ஹைட்ரஜன் ஹீலியமாகும், ஹீலியம் கார்பனும் ஆக்சிஜனும் ஆகும், கடைசியில் சிலிக்கான் வரை போகும். நடுவில் இரும்பு சேர்ந்ததும் கதை முடிந்தது. இரும்பை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது, செலவுதான் ஆகும். தன் எடையைத் தாங்க வழியின்றி மையம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் உள்ளே இடிந்து விழுகிறது. அதன் எதிர்விளைவாக வெளிப்பகுதி வெடித்துச் சிதறுகிறது. அந்த வெப்பத்தில் வெந்த சிலிக்கானிலிருந்து நிலையற்ற ஒரு வகை இரும்பு, இரும்பு-52, உண்டாகிறது. அதில் பாதி சுமார் 8 மணி நேரத்தில் சிதைந்து மாங்கனீசாகிறது. அதுவும் நிற்காமல் குரோமியமாகிறது. வெடித்த ஓரிரு நாளிலேயே சரக்கு தயார்.

இன்னொரு வழியும் உண்டு. எரிந்து முடிந்த சிறு விண்மீன், பக்கத்து விண்மீனின் பொருளை இழுத்து இழுத்து எடை கூடினால் ஒரு வரம்பில் மொத்தமாக வெடித்துவிடும். சூரியனின் எடையைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்ற அந்த வரம்பை, 1930இல் இங்கிலாந்துக்குப் படிக்கப்போன கப்பலில் கணக்குப் போட்டு அணுகிய 19 வயது இளைஞர்தான் சந்திரசேகர். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வகை வெடிப்பும் இரும்பையும் குரோமியத்தையும் ஏராளமாக எறிகிறது.

அந்தக் குரோமியம் தோலில் செய்யும் வேலையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெட் புளூவின் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் நீரில் போட்டுச் சுருங்குகிறதா என்று பார்ப்பீர்களே, அந்தச் சோதனையில் தோலைக் காப்பாற்றுவது அதுதான். தோலின் புரத நார்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. உங்கள் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பல நாள் செய்த வேலையை அது சில மணி நேரத்தில் முடிக்கிறது. பச்சைத்தோலையும் அரைப்பதத் தோலையும் ஏற்றுமதி செய்வதை 1970களில் அரசு கட்டுப்படுத்தியபின் குரோம் டிரம்கள் இந்தப் பாலாற்றங்கரையில் பெருகின. அதே காலத்தில்தான் மலைமேலே காவலூரும் வளர்ந்துகொண்டிருந்தது.

கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த வைணு பாப்பு, இரவில் விண்மீன்களைப் பார்க்கத் தோதான இடம் தேடி அலைந்து தேர்ந்தெடுத்த ஊர் காவலூர். சந்தன மரங்கள் நின்ற காடு, கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரம், பெருநகர் எதுவும் பக்கத்தில் இல்லை. அதைவிட முக்கியம், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது. இங்கிருந்து வடவானமும் தெரியும், தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஸீஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்க நெருங்கியபோது அந்த விண்மீனின் ஒளி இடையிடையே மங்கியதைப் பதிவு செய்த கருவிகளில் காவலூருடையதும் ஒன்று. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அப்படித்தான் தெரியவந்தது. பிறகு நம் நாட்டிலேயே 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை உருவாக்கினார்கள். அது முடியும்வரை பாப்பு உயிரோடு இல்லை, 1982இல் காலமானார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். பெங்களூருவின் இந்திய வானியற்பியல் நிறுவனம் இன்றும் அதை நடத்துகிறது.

மறு ஆண்டே நம் மலைக்கு ஒரு வாய்ப்பு வந்தது. 1987 பிப்ரவரியில், நம் பால்வீதியின் துணையான பெரிய மெகல்லன் மேகத்தில், 1,60,000 ஒளியாண்டுக்கும் அப்பால், ஒரு விண்மீன் வெடித்ததை உலகம் கண்டது. 1604க்குப் பிறகு வெறுங்கண்ணால் எளிதாகப் பார்க்கும்படி வெடித்த விண்மீன் அதுதான். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவின் பெரிய மலைக் கூடங்களிலிருந்தும் அதைப் பார்க்க முடியாது. அவ்வளவு தெற்கே இருந்தது. காவலூரிலிருந்து அது தென் அடிவானத்துக்கு மேலே உச்சமாக 8 பாகைதான் ஏறும். மலைமுகடுகளை ஒட்டிய அந்தச் சிறு இடைவெளியில் நம் வானியலாளர்கள் அதன் ஒளியைப் பிடித்து, நிறமாலையாகப் பிரித்து, அதே ஆண்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நிறமாலையில் ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு. செலக்‌ஷன் மேசையில் அனுபவப்பட்ட பாய் ஒருவர் தோலை ஒருமுறை தடவிப் பார்த்தே அது எந்த ரகம், எங்கே கீறல் என்று சொல்லிவிடுவதைப்போல, கோடுகளைப் பார்த்தே என்ன தனிமம், என்ன வேகத்தில் பறக்கிறது என்று இவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அந்த வெடிப்பின் மிச்சம் இன்றும் வளையமாக ஒளிர்கிறது. நடுவில் என்ன எஞ்சியது என்பது 37 ஆண்டுகள் புதிராக இருந்தது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் பதிவுகளை வைத்து, உள்ளே, இடிந்து விழுந்த மையம் இறுகி மிஞ்சிய ஒரு நியூட்ரான் விண்மீன் இருப்பதற்கான வலுவான தடயத்தை 2024இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஜனவரி முதல் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நம் எக்ஸ்போசாட் செயற்கைக்கோள், தன் கருவி ஒன்றைச் சரிபார்க்க முதலில் திருப்பியது காசியோப்பியா ஏ பக்கம். மக்னீசியம், சிலிக்கான், கந்தகம், கால்சியம், இரும்பு எல்லாம் அதன் பதிவிலும் வரிசையாக வந்தன.

ஒரு பைனாகுலர் இருந்தால் உங்கள் கண்ணுக்கே எட்டும் மிச்சம் ஒன்றும் இருக்கிறது. 1054 ஜூலையில் ரிஷபக் கூட்டத்தில் ஒரு புது விண்மீன் தோன்றியதைச் சீன அரசவை வானியலாளர்கள் எழுதிவைத்தார்கள். 23 நாள் பட்டப்பகலிலும் தெரிந்தது. இரவில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு தெரிந்து, பிறகு மறைந்தது. அது சோழரும் சாளுக்கியரும் மோதிய கொப்பம் போரை ஒட்டிய காலம். இந்தப் பாலாற்றங்கரை சோழர் ஆட்சியில் இருந்தது. 1015இலும் 1033இலும் சோழர் தூதர்கள் அதே சீன அரசவைக்குப் போய் வந்திருந்தார்கள். வெடித்த இடத்தில் இன்று இருப்பது நண்டு நெபுலா. 6,500 ஒளியாண்டுத் தொலைவில் நொடிக்கு சுமார் 1,500 கிலோமீட்டர் வேகத்தில் விரிந்துகொண்டிருக்கிறது. அதன் நடுவில், சூரியனைவிட எடை கூடிய, ஆனால் குறுக்களவில் ஏறக்குறைய 20 கிலோமீட்டரே உள்ள ஒரு நியூட்ரான் விண்மீன் நொடிக்கு 30 முறை சுழல்கிறது.

இனி, கொஞ்சம் கசப்பான பேச்சு.

நீங்கள் கையாளும் அதே குரோமியமும் உப்பும் பாலாற்றுக்கு என்ன செய்தன என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கிணறுதான் உவர்த்தது, உங்கள் நிலம்தான் வெளுத்தது. ஊரார் நீதிமன்றம் ஏறினார்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. சட்டம் படிப்பவர்கள் நாடெங்கும் வேலூர் வழக்கு என்று இன்றும் அதைப் படிக்கிறார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புக்குப் பிறகும் ஆறு மீளவில்லை. மண்ணுக்குள் இறங்கிய குரோமியத்தை வெளியே எடுக்கத் தலைமுறைகள் ஆகும்.

வானத்துக்கும் அப்படியொரு அழுக்கு சேர்ந்துவருகிறது. நெடுஞ்சாலை, தொழிற்சாலை வளாகம், உயர்கோபுர விளக்கு, கல்யாண மண்டபம், விளம்பரப் பலகை என்று பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை எல்.இ.டி. வெளிச்சம் கூடிக்கொண்டே போகிறது. அதில் தரையில் விழாத பங்கு மேலே போய், காற்றிலுள்ள தூசியில் பட்டுச் சிதறி, வானத்தைச் சாம்பல் பூசிவிடுகிறது. நீலம் கலந்த வெள்ளை விளக்கு மஞ்சள் விளக்கைவிட அதிகமாகச் சிதறும். நண்டு நெபுலா போன்ற மங்கலான மிச்சங்கள்தான் முதலில் அழிந்துபோகும். 1987இல் பார்த்ததைப்போல அடிவானத்தை ஒட்டி ஏதாவது தோன்றினால், நம் ஊர்களின் வெளிச்சப் படலத்தைத் துளைத்துக்கொண்டுதான் காவலூர் அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் இந்த அழுக்குக்கும் பாலாற்று அழுக்குக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. விளக்கு அணைந்த மறுகணமே இது போய்விடும். சுத்திகரிப்பு நிலையம் வேண்டாம், கழிவுக்குழாய் வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம். இந்த வட்டாரம் உண்டாக்கிய மாசுகளில் ஒரே இரவில் திருப்பி எடுத்துக்கொள்ளக்கூடியது இது ஒன்றுதான்.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும் தங்கைக்கும், விடியுமுன் கிளம்பும் அக்காவுக்கும் பாதையில் வெளிச்சம் வேண்டும். அதில் ஒரு விளக்கைக்கூடக் குறைக்கச் சொல்லமாட்டேன். தலைக்குமேல் மூடி போட்டு, ஒளியை முழுக்கத் தரைக்குத் திருப்பிய விளக்கு, கண்ணைக் கூசவைக்கும் உயர்கோபுர விளக்கைவிடப் பாதையை நன்றாகக் காட்டும். மின்கட்டணமும் குறையும். லடாக்கின் ஹான்லேயில் 2022இல் இருள்வானக் காப்பகம் ஒன்றை அறிவித்து, கிராம மக்களையே கூட்டாளிகளாக்கித் தெருவிளக்குக்கு மூடியும் சன்னலுக்குத் திரையும் போடவைத்தார்கள். அங்குள்ள தொலைநோக்கியை நடத்துவதும் காவலூரை நடத்தும் அதே நிறுவனம்தான்.

ஆகவே என் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, காவலூருக்குப் போய் வாருங்கள். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கும் வழக்கம் அங்கே உண்டு. கிளம்புமுன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கொருமுறை கம்பெனிப் பஸ்ஸில் டூர் போகிறீர்கள் அல்லவா, ஒருமுறை அந்தப் பஸ்ஸை ஆலங்காயம் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

இரண்டு, வீட்டு மாடியிலேயே தொடங்குங்கள். தை மாதம் இரவு 8 மணிக்கு நிமிர்ந்து பார்த்தால் உச்சிக்கு அருகில் கார்த்திகைக் கொத்து, அதற்குக் கிழக்கே சிவந்த ரோகிணி. ரோகிணியிலிருந்து இரண்டு கொம்புகள் கிழக்கே நீளும். தெற்குக் கொம்பின் நுனி விண்மீனை ஒட்டித்தான் நண்டு நெபுலா. நல்ல இருட்டில் பைனாகுலர் வழியே ஒரு மங்கல் திட்டாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் தென்கிழக்கே திருவாதிரை. மார்கழியில் களி கிண்டி நாம் கொண்டாடும் அந்தச் செந்நிற விண்மீன் தன் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. 2019 இறுதியில் அது திடீரென்று மங்கியபோது வெடிக்கப்போகிறதோ என்று உலகமே பார்த்தது. அது கக்கிய தூசிதான் மறைத்தது என்று பிறகு தெரிந்தது. என்றாவது அதுவும் வெடிக்கும். நாளையா, ஓர் இலட்சம் ஆண்டு கழித்தா, சொல்ல முடியாது. 'அம்மா வேலை செய்யற டிரம்முல இருக்கற குரோமியம் இந்த மாதிரி ஒண்ணு வெடிச்சுதான் வந்துச்சு' என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் நாங்கள் சொல்வதைவிட அது மனசில் நிற்கும்.

மூன்று, விளக்குக்கு மூடி கேளுங்கள். கம்பெனி நிர்வாகத்திடம் பேசும்போது மற்றக் கோரிக்கைகளோடு இதையும் ஒரு வரியாகச் சேருங்கள். வளாக விளக்குகள் கீழ்நோக்கி இருக்கட்டும், மஞ்சள் ஒளியாக இருக்கட்டும், ஆள் இல்லாத யார்டிலும் விளம்பரப் பலகையிலும் கடைசி ஷிப்டுக்குப் பிறகு அணையட்டும். கிராமங்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மே 1 தொழிலாளர் தினம். அன்றுதான் ஊராட்சிகளில் கிராம சபையும் கூடுகிறது. விடுமுறை நாள், நீங்கள் ஊரில்தான் இருப்பீர்கள். எழுந்து நின்று ஒரு தீர்மானம் கொண்டுவர யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. எழுதுவதற்குச் சிரமம் வேண்டாமென்று வாசகத்தையும் தருகிறேன்:

'இவ்வூராட்சியில் இனி வாங்கப்படும், மாற்றப்படும் தெருவிளக்குகள் அனைத்தும் மேற்பக்கம் மூடப்பட்டு, ஒளி தரையில் மட்டும் விழும்படியும், மஞ்சள் ஒளி தருவனவாகவும் இருக்க வேண்டும். காவலூர் வானாய்வகத்தைச் சுற்றியுள்ள மலையூர்களிலும், வாணியம்பாடி, ஆம்பூர் நகராட்சிகளிலும் இதே முறையைக் கடைப்பிடிக்க மாவட்ட ஆட்சியரை இச்சபை கேட்டுக்கொள்கிறது.'

இதை அப்படியே படியெடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர்